சீட்டுக்கவியும் வேலை விண்ணப்பமும்

1. கட்டுரையின் நோக்கம்

தமிழில் முதுகலை பயின்று வெளியேறும் மாணாக்கர் தம் கல்வியைப் பிறர் அறியச் செய்தற்கு அமைந்த முதல் வாயில் யாது? அவர் எழுதிய ஆய்வேடு அன்று. அதனைப் படிப்போர் மிகச் சிலர். தேர்வுச் சான்றிதழும் அன்று. அஃது அவரோடு தேறிய அனைவர்க்கும் ஒரே சொற்களால் வழங்கப்பட்டது. ஒரு பணியை வேண்டி அவர் எழுதும் ஒரு பக்க விண்ணப்பக் கடிதமே அவ்வாயில். ஆயினும், பா வகைகளையும் அணி வகைகளையும் நுணுகிக் கற்பிக்கும் நாம், இவ்வொரு பக்கத்தை எங்ஙனம் எழுதுவது என்பதை மாணாக்கர்க்குக் கற்பிப்பதில்லை. அதனால் அவர்கள் எங்கோ கிடைத்த ஒரு மாதிரியைப் பெயர்த்தெழுதி அனுப்புகின்றனர். ஐந்தாண்டுக் கல்வி, பிறர் எழுதிய ஐந்து வரிகளுள் மறைந்துபோகின்றது.

விண்ணப்பக் கடிதம் மேனாட்டார் அலுவலகங்களோடு இந்நாட்டிற்கு வந்த புதுமை என்று பலரும் கருதுவர். அலுவலகப் படிவம் புதிதாகலாம். ஆனால் தம் தகுதியை எடுத்துரைத்து, கேட்போர் மனங்கொள்ளுமாறு ஒன்றை வேண்டி எழுதும் கலை தமிழர்க்குப் புதிதன்று. திருமுகம், சீட்டுக்கவி, ஓலைத்தூக்கு என்னும் பெயர்களால் அது நம்மிடை நெடுங்காலம் வழங்கியது. காவிரிக் கழனிநாட்டில், மயிலாடுதுறையைச் சூழ்ந்த பகுதியில், சென்ற நூற்றாண்டின் தொடக்கம்வரை அது வாழ்வோடு இயைந்து நின்றது. அம்மரபினின்றும் இந்நாளைய விண்ணப்பக் கடிதத்திற்குப் பெறத்தக்க நெறிகள் எவை, விலக்கத்தக்கன எவை என்பதை ஆராய்ந்து காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. திருமுகத்தின் உறுப்புகள்

பதினோராம் திருமுறையின் முதற்கண் அமைந்த திருமுகப் பாசுரம், ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு விடுத்ததாகப் போற்றப்படுவது. சமயத்தார் அதனை அருள்வாக்காகப் போற்றுவர். அதன் அமைப்பை மட்டும் நோக்குவோமாயின், அது பாணபத்திரர் என்னும் இசைவாணர் பொருட்டு எழுதப்பெற்ற ஒரு பரிந்துரைக் கடிதமாகும்.

பன்னிரண்டே அடிகளைக் கொண்ட அச்செய்யுளில் நான்கு உறுப்புகள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. விடுப்பவர் யார், எவ்வூரினர் என்பதை முதற்பகுதி கூறுகின்றது. பெறுபவர் யார், அவர்தம் கொடைச் சிறப்பு எத்தகையது என்பதை இரண்டாம் பகுதி கூறுகின்றது. கொண்டு வருபவர் யார், அவர் வல்ல கலை யாது, அவருக்கும் பெறுபவருக்கும் பொதுவாய் அமைந்த பண்பு யாது என்பதை மூன்றாம் பகுதி உரைக்கின்றது. செய்ய வேண்டுவது இன்னது என்பதை இறுதிப் பகுதி ஒரே தொடரால் முடிக்கின்றது.

இவற்றுள் இரண்டு செய்திகள் நம் கருத்திற்கு உரியன. ஒன்று, வேண்டுகோளின் சுருக்கம். விடுப்பவரும் பெறுபவரும் நன்கு அறிமுகப்படுத்தப்பட்ட பின்னர், வேண்டுவதனை வளைத்துக் கூற வேண்டிய தேவை இல்லாது போயிற்று. மற்றொன்று, பெறுபவரின் சிறப்பாக எடுத்தோதப்பட்டது எது என்பது. சேரமானுக்குரிய சிறப்புகள் பல இருக்க, புலவர்க்கு மழைபோல் வழங்கும் இயல்பே முன்வைக்கப்படுகின்றது. வேண்டப்படும் செயலோடு தொடர்புடைய சிறப்பே அது. ஆதலின் அதனைப் புனைந்துரை எனத் தள்ளுதல் பொருந்தாது. ‘தங்கள்பால் இதனை வேண்டுவது ஏன்’ என்னும் வினாவிற்கு விடையாகவே அஃது அமைந்துள்ளது.

பிற்காலத்துச் சீட்டுக்கவியும் பெரும்பாலும் இவ்வமைப்பையே பின்பற்றியது. இன்னார் எழுதும் ஓலை என்று புலவன் தன்னை முன்னிறுத்துவான். இன்னார் காண்க என்று புரவலனை விளிப்பான். பின்னர்த் தன் தேவையைக் கூறுவான். அந்தகக்கவி வீரராகவ முதலியார் போன்றார் இவ்வகையிற் பெரும்பெயர் பெற்றனர். இன்று தமிழ்நாட்டு அலுவலகக் கடிதங்களில் ‘அனுப்புநர்’ முதலிலும், ‘பெறுநர்’ அடுத்தும், ‘பொருள்’ அதன் பின்னும் நிற்கும் முறையைக் காண்போர், ஓலையின் வரிசையும் தாளின் வரிசையும் ஒத்திருத்தலை எளிதின் உணர்வர். ஒன்றினின்று மற்றொன்று பிறந்தது என்று யாம் கூறவில்லை. எழுதுவோன், படிப்போன், வேண்டுவது என்னும் மூன்றும் எக்காலத்து விண்ணப்பத்திற்கும் இன்றியமையாதவை என்பதே ஈண்டுப் பெறப்படுவது.

3. வாயிலோனும் பரிசிலனும்

சங்க காலத்துப் பரிசிலர் ஓலை விடுத்திலர், நேரிற் சென்றனர். ஆயினும் அவர்கள் எய்திய இடர்ப்பாடு இற்றைநாள் விண்ணப்பதாரர் எய்துவதே. புறநானூற்று 206ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் வாயிலோனை நோக்கிப் பேசுகின்றார். பரிசில் நீட்டித்தபோது, அஞ்சி தன்னை அறியானோ, அன்றித் தம்மை அறியானோ என வினவி, கற்றார்க்கு எத்திசையும் உணவுண்டு என்னும் உறுதியோடு யாழ் முதலியவற்றைக் கட்டிக்கொண்டு புறப்படத் துணிகின்றார். 208ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், தம்மைக் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுக்கின்றார். தம் புலமையின் அளவறிந்து தருவது சிறிதாயினும் இனிது என்பது அவர் கருத்து.

இவ்விரு பாட்டுகளும் விண்ணப்பம் எழுதுவோர்க்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றன. முதலாவது, கடிதத்தை முதலிற் காண்பவர் தலைவர் அல்லர், வாயிலோர் என்பது. இக்காலத்து வாயிலோர் அலுவலகத்தில் நூறு கடிதங்களைப் பிரித்து அடுக்குபவர். எப்பணிக்கு, யார், என்ன தகுதியோடு எழுதினார் என்பது முதல் மூன்று வரிகளுள் அவர் கண்ணிற் படவில்லையாயின் அக்கடிதம் உள்ளே செல்லாது. இரண்டாவது, வேண்டுதல் வேறு, இரத்தல் வேறு என்பது. பெருஞ்சித்திரனார் வறியர், எனினும் அவர் வேண்டியது தம் தகுதி அளந்தறியப்பட வேண்டும் என்பதே. பணி வேண்டி எழுதுபவரும் அதனையே வேண்டுகின்றார். தம் வறுமையைப் பக்கம் முழுதும் விரித்துரைக்கும் கடிதம் படிப்போரிடத்து இரக்கத்தை உண்டாக்கலாம். பணியை இவர் செம்மையாகச் செய்வார் என்னும் நம்பிக்கையை உண்டாக்காது. நம்பிக்கை பிறவாத இடத்தில் பணியும் கிட்டாது.

4. மாயூரத்திற் கண்ட சான்றுகள்

மயிலாடுதுறை என்னும் பழம்பெயர் 1982இல் மீண்டும் வழக்கிற்கு வருமுன், அவ்வூர் மாயூரம் எனவும் மாயவரம் எனவும் வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு முன்சீப்பாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை (1826–1889). 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர் என்ற வகையில் அவரை அனைவரும் அறிவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அவர்பால் நட்புப் பூண்டு, அவர்மேற் குளத்துக் கோவை பாடினார். வேதநாயகர் நீதிமன்றத்தில் நாள்தோறும் மனுக்களைப் படித்தவர்; இல்லத்தில் புலவர்தம் பாக்களைப் பெற்றவர். விண்ணப்பம் என்பதன் இரு முகங்களையும் கண்டவர் அவர். நீதிமன்ற நடவடிக்கைகள் மக்கள் அறிந்த தமிழில் நடைபெற வேண்டும் என்று அவர் தம் கதை நூலுள்ளும் வற்புறுத்தினார். தாம் அறியாத மொழியில், பிறர் எழுதித் தந்த மனுவில் கையொப்பமிடுவோர் தம் வழக்கைத் தாமே இழப்பர் என்னும் உணர்வு அவ்வற்புறுத்தலின் அடியில் உள்ளது. பொருள் விளங்காத தொடர்களைப் பெயர்த்தெழுதி அனுப்பும் இற்றைநாள் விண்ணப்பதாரர்க்கும் இது பொருந்தும்.

அவ்வூரிலேயே 1871இல் நிகழ்ந்தது நம் கருத்திற்கு மிகவும் உரிய மற்றொரு நிகழ்ச்சி. பதினேழாம் அகவையினராகிய உ. வே. சாமிநாதையர் தம் தந்தையாருடன் மகாவித்துவானை அடைந்து, மாணாக்கராக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினார். முன்னர்ப் படித்த நூல்களைக் கேட்டறிந்து, செய்யுள் சொல்லச் செய்து பார்த்த பின்னரும் ஆசிரியர் உடனே உடன்பட்டாரல்லர். வருவோர் பலர் சிலகாலம் இருந்து இடையில் நீங்கிவிடுகின்றனர் என்பது அவர்தம் ஐயங்களுள் ஒன்று. உணவிற்கு என் செய்வது என்பது மற்றொன்று. தந்தையார் இவ்விரண்டிற்கும் விடை கூறினார். மகன் எவ்வளவு காலம் வேண்டுமாயினும் இருந்து கற்பான் என்றும், உணவுச் செலவிற்குத் தாம் ஏற்பாடு செய்வதாகவும் உரைத்தார். அதன் பின்னரே ஆசிரியர் இசைந்தார்.

இந்நிகழ்ச்சியின் நுட்பம் நோக்கத்தக்கது. மாணாக்கரின் தகுதி ஆசிரியர்க்குப் புலப்பட்டுவிட்டது. தடையாய் நின்றது தகுதிக் குறைவன்று, ஏற்பவர் மனத்தில் எழுந்த ஐயம். ஏற்பவர் ஒவ்வொருவர்க்கும் இத்தகைய ஐயங்கள் உண்டு. இவர் சில திங்களில் வேறிடம் சென்றுவிடுவாரோ, இத்தொலைவிலிருந்து நாள்தோறும் வருவாரோ, தமிழ் மட்டும் பயின்றவர் கணினியிற் பட்டியல் அமைப்பாரோ என்பன போல்வன அவை. நேரிற் பேசுங்கால் ஐயம் வினாவாக வெளிப்படும், விடையளித்தல் கூடும். கடிதத்திலோ ஐயம் எழுந்தவுடன் கடிதம் ஒதுக்கப்படும். ஆதலின் ஏற்பவர் வினவாமுன்னரே அவர்தம் ஐயத்தை உய்த்துணர்ந்து ஒரு வரியில் நீக்குதல் நல்ல விண்ணப்பத்தின் முதன்மையான தொழிலாகும்.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறுங்கால், தம் இடத்திற்குச் சாமிநாதையரே தக்கார் எனத் துணிந்து அதற்கு முயன்றார். அவரும் மகாவித்துவானின் மாணாக்கர். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் ஐயரைப் பிரிய மனமில்லாதிருந்தும் இசைந்து, சான்றிதழ் வழங்கினார். கல்லூரித் தலைவர் கோபால ராவ் முதலியோர் அவர்தம் புலமையை நேரிற் கேட்டறிந்த பின்னர்ப் பணி உறுதியாயிற்று. மூன்று வகைச் சான்றுகள் இங்கே ஒன்று கூடின: பணியின் இயல்பை நன்கறிந்தவரின் பரிந்துரை, விண்ணப்பதாரருடன் நெடுங்காலம் பழகியவரின் சான்று, தாமே செய்து காட்டிய திறன். பதவியால் மட்டும் பெரியவராகி, நம்மை ஒருமுறை கண்டிருப்பவரின் சான்றைவிட, நம் உழைப்பை நாள்தோறும் கண்டவரின் சான்று வலிமையுடையது என்பது இதனாற் பெறப்படும்.

அப்பணியால் விளைந்தது யாது என்பதையும் நினைத்தல் வேண்டும். கும்பகோணத்திற்கு வந்தமையால் அன்றோ, அங்கு முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அதே ஆண்டில் ஐயர் கண்டார்? அச்சந்திப்பே சீவக சிந்தாமணியின்பால் அவரை ஆற்றுப்படுத்தியது. 1887இல் சிந்தாமணியும், 1894இல் புறநானூறும் அவர்தம் பதிப்பாக வெளிவந்தன. மேலே யாம் எடுத்துக்காட்டிய ஔவையார் பாட்டையும் பெருஞ்சித்திரனார் பாட்டையும் நாம் இன்று எளிதிற் படித்தல் அப்பதிப்பின் பயனேயாம். ஒருவர் தமக்குத் தக்க பணியை அடைதல் அவர் ஒருவர்க்கு மட்டுமே உரிய நன்மையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

5. கும்பகோணத்து இளைஞர் எழுதிய இரு கடிதங்கள்

ஐயர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். அடுத்த ஆண்டில் அதே கும்பகோணம் கல்லூரியில் மாணாக்கராகச் சேர்ந்தவர் கணித மேதை இராமானுசன் (1887–1920). கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களிற் கவனம் செலுத்தாமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறினாரல்லர். இந்நிலையில் அவர் எழுதிய இரு கடிதங்கள் ஒப்புநோக்கிப் பயிலத்தக்கன.

முதற்கடிதம், 1912 பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழக அலுவலகத்திற்கு எழுத்தர் பணி வேண்டி எழுதியது. மிகச் சுருங்கிய கடிதம் அது. பணியிடம் ஒன்று காலியாய் இருத்தலை அறிந்து விண்ணப்பிப்பதாகத் தொடங்குகின்றார். மெட்ரிகுலேசன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், சில இடையூறுகளால் மேற்கொண்டு தொடர இயலாமையையும் மறையாது கூறுகின்றார். அதன் பின்னர்த் தம் காலம் முழுவதையும் கணிதத்திற் செலவிட்டு வருவதைச் சொல்லி, பணியைச் செம்மையாகச் செய்யக் கூடும் என்னும் உறுதியோடு முடிக்கின்றார். கல்வி இடையறவு பட்டமை ஒரு தொடரில் அடங்கிவிட்டது. அதனைப் பற்றிய புலம்பலோ பிறரைப் பழித்தலோ இல்லை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் வழங்கிய பரிந்துரையும் அவர்க்குத் துணைநின்றது. 1912 மார்ச்சு 1ஆம் நாள் அவர் பணியேற்றார்.

இரண்டாம் கடிதம், 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதியது. தாம் துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவில் ஆண்டிற்கு இருபது பவுன் ஊதியம் பெறும் எழுத்தர் என்று தம்மை அறிமுகம் செய்துகொள்கின்றார். பல்கலைக்கழகக் கல்வி தமக்கில்லை என்பதையும் கூறிவிடுகின்றார். உடனே ஹார்டி எழுதிய ஒரு நூலில், இதுவரை கண்டறியப்படவில்லை எனக் குறிக்கப்பட்ட ஒன்றைச் சுட்டி, அதன்பாற் பட்ட தம் முடிபைத் தெரிவிக்கின்றார். கடிதத்தோடு நூற்றுக்கு மேற்பட்ட கணிதத் தேற்றங்களையும் இணைத்து அனுப்பினார். முன்னர் வேறு இரு கேம்பிரிட்ஜ் அறிஞர்க்கு அவர் எழுதியவை பயன் தந்தில. ஹார்டி, லிட்டில்வுட் என்பாருடன் அமர்ந்து அத்தேற்றங்களை ஆராய்ந்து, அவற்றை எழுதியவர் முதல்தரக் கணித அறிஞர் எனத் தெளிந்தார். 1914இல் இராமானுசன் இங்கிலாந்திற்குப் பயணமானார்.

இரு கடிதங்களும் ஒருவரே எழுதியன. ஓராண்டு இடைவெளியில் எழுதியன. எனினும் ஒன்றில் உள்ளவை மற்றொன்றில் இல்லை. எழுத்தர் பணிக்கு எழுதிய கடிதத்தில் தேற்றம் எதுவும் எழுதினாரல்லர். அங்குப் படிப்பவர்க்கு அது வேண்டுவதன்று. ஹார்டிக்கு எழுதியதில் தேர்வு விவரங்களை விரித்தாரல்லர். அங்குத் தேற்றமே சான்று. படிப்போர் மாறியபோது கடிதமும் மாறியது. உண்மை மட்டும் மாறவில்லை. ஒரே கடிதத்தைப் படியெடுத்துப் பத்து நிறுவனங்களுக்கு அனுப்பும் பழக்கம் ஏன் பயன் தருவதில்லை என்பதற்கு இவ்வொப்பீடு விடையாகும்.

6. ஏற்பவரின் தேவையறிதல்

மேனாட்டு வரலாற்றிலும் இதற்கு ஒத்த சான்று உண்டு. லியொனார்டோ டா வின்சி, 1482ஆம் ஆண்டளவில் மிலான் நகரத் தலைவர் லுடோவிகோ ஸ்போர்சாவுக்குப் பணி வேண்டி எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் உள்ளது. அதனுள் எண்ணிட்டுக் கூறிய பத்துத் திறன்களுள் ஒன்பதும் போர்த்தொழில் பற்றியன: எளிதிற் கொண்டுசெல்லத்தக்க பாலங்கள், கோட்டை தகர்க்கும் கருவிகள், மூடிய தேர்கள் முதலியன. பத்தாவதிலேயே அமைதிக் காலத்துக்குரிய கட்டடக் கலையும், நீரை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லும் திறனும் கூறப்படுகின்றன. உலகம் இன்று போற்றும் அவர்தம் ஓவியக் கலையோ இறுதியிற் சுருங்கிய ஒரு தொடர். போர் சூழ்ந்த நாட்டின் தலைவர்க்கு எது முதலில் வேண்டும் என்பதை அறிந்து எழுதினார். ஐயமுண்டாயின் அவற்றைச் செய்து காட்டவும் தாம் ஒருப்படுவதாகக் கூறி முடித்தார்.

பாரதியார் 1919இல் எட்டயபுரம் அரசர்க்கு எழுதிய சீட்டுக்கவிகளை இதனோடு ஒப்பிடுதல் தகும். கவிதை என்ற வகையில் அவை பெருமிதம் மிக்கவை. தமிழ்க் கவிஞன் ஒருவன் தன்மதிப்போடு பேசும் திறத்திற்கு நிலையான எடுத்துக்காட்டுகள். ஆனால் அவர் வேண்டிய ஆதரவு கிட்டவில்லை. ஆங்கில அரசின் கண்காணிப்பிற்கு உட்பட்ட ஒரு கவிஞரை ஆதரித்தல் அக்காலத்துச் சமீன்தார் ஒருவர்க்கு எளிதன்று. ஏற்பவரின் நிலை இடந்தராதபோது எத்துணைச் சிறந்த ஓலையும் பயன் தருதல் அரிது. ஆதலின் விண்ணப்பம் ஏற்கப்படாமையை எழுதியவரின் தகுதிக் குறைவாகவே கொள்ளுதல் பிழையாகும்.

7. தகுதியும் சிறப்பும்

விளம்பரத்திற் குறிக்கப்படும் தகுதிகளைத் திரும்பவும் எடுத்தெழுதுதலே விண்ணப்பம் என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்தின் குறையை உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் கொண்டு விளக்கலாம். முதற்பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அக்கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு உரியோரின் தகுதிகளை வரையறுக்கின்றன. இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடைமை, சொந்த மனையில் வாழ்தல், பிற்பட்ட கல்வெட்டின்படி முப்பத்தைந்திற்கு மேல் எழுபதிற்குட்பட்ட அகவை முதலியன அவை. தகுதியுடையோர் பலராயினமையின், அவர்தம் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர்.

தகுதி மட்டும் நோக்குவோமாயின் எஞ்சுவது குடவோலையே என்பது இதனாற் போதரும். இற்றைநாள் நிறுவனங்கள் குடவோலை இடுவதில்லை. தகுதியுடையோருள் ஒருவரைப் பிரித்தறிய வேண்டியுள்ளது. அவ்வாறு பிரித்தறிய உதவும் செய்தி சான்றிதழில் இராது. விண்ணப்பக் கடிதத்திலேயே இருத்தல் வேண்டும். ‘தமிழில் முதுகலை பெற்றுள்ளேன்’ என்பது தகுதி. ‘அச்சேறாத ஒரு தலபுராணச் சுவடியை முழுதும் பெயர்த்தெழுதினேன்’ என்பது சிறப்பு. முன்னது நூறு பேர்க்குப் பொது. பின்னது எழுதியவர் ஒருவர்க்கே உரியது.

8. எடுத்துக்காட்டு

மேற்கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டினால் தெளிவிப்போம். சுவடி நூலகம் ஒன்றிற் பட்டியல் உதவியாளர் பணி காலியாய் உள்ளதெனவும், மயிலாடுதுறைப் பகுதியைச் சேர்ந்த முதுகலை மாணாக்கர் ஒருவர் அதனை வேண்டுகின்றார் எனவும் கொள்வோம். பெருவழக்காய் உள்ள கடிதம் இவ்வாறு அமையும்:

“ஐயா, பணிவான வணக்கம். அடியேன் மிகவும் ஏழ்மையான குடும்பத்திற் பிறந்து, பல இன்னல்களுக்கிடையே கல்வி கற்று முதுகலைப் பட்டம் பெற்றுள்ளேன். புகழ்மிக்க தங்கள் நிறுவனத்தில் எப்பணி அளிப்பினும் கடின உழைப்புடனும் நேர்மையுடனும் செய்வேன். தயைகூர்ந்து எனக்கு ஒரு வாய்ப்பளித்து என் குடும்பத்தைக் காப்பாற்றுமாறு வேண்டுகின்றேன்.”

இக்கடிதத்துள் பொய் ஒன்றுமில்லை. ஆனால் செய்தியும் இல்லை. நிறுவனத்தின் பெயரை மாற்றினால் எவ்விடத்திற்கும் அனுப்பலாம். எழுதியவர் பெயரை மாற்றினால் எவரும் அனுப்பலாம். ‘எப்பணி அளிப்பினும்’ என்பதைப் பணிவு எனக் கருதி எழுதுகின்றனர். படிப்பவர்க்கோ, இப்பணி யாதென இவர் எண்ணிப் பார்த்திலர் என்றே தோன்றும். கடின உழைப்பு, நேர்மை என்பன பிறர் நம்மைப் பற்றிக் கூறத்தக்க சொற்கள். நாமே கூறுங்கால் சான்றின்றி நிற்கின்றன.

அதே மாணாக்கர் இவ்வாறும் எழுதலாம்:

“ஐயா, வணக்கம். தங்கள் நூலகத்திற் காலியாய் உள்ள பட்டியல் உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கின்றேன். முதுகலை ஆய்வேட்டிற்காக 62 ஏடுகள் கொண்ட தலபுராணச் சுவடி ஒன்றைப் படித்துப் பெயர்த்தெழுதினேன். புள்ளியும் இரட்டைக் கொம்பும் இன்றி எழுதப்பட்ட பகுதிகளைப் பிரித்தறியும் பயிற்சியை அதனாற் பெற்றேன். அச்சுவடியில் இடம் மாறிக் கோக்கப்பட்டிருந்த மூன்று ஏடுகளைச் செய்யுள் தொடர்ச்சி கொண்டு கண்டறிந்து வரிசைப்படுத்தினேன். கிரந்த எழுத்துகளைப் படிப்பேன்; விரைந்து படிக்கும் பயிற்சி இன்னும் கைவரவில்லை. பட்டம் பெற்றபின் இரண்டு ஆண்டுகள் தந்தையாரின் உடல்நலக் குறைவால் எங்கள் நெற்பயிர் வேளாண்மையைக் கவனித்தேன். இப்பொழுது அப்பொறுப்பைத் தமையனார் ஏற்றுள்ளார். தங்கள் ஊரிலேயே தங்கிப் பணிபுரிய இயலும். பெயர்த்தெழுதிய பகுதியின் நான்கு பக்கங்களை இணைத்துள்ளேன். தாங்கள் தரும் ஓர் ஏட்டை நேரிற் படித்துக் காட்டும் வாய்ப்பினை அளிக்க வேண்டுகின்றேன்.”

இரண்டாம் கடிதம் முன்னதினும் நீண்டது. ஆயினும் ஒரு பக்கத்துள் அடங்குவது. பணியின் பெயர் முதற்கண் நிற்றலின் வாயிலோர்க்கு ஐயமில்லை. ஏடுகளின் எண்ணிக்கையும் செய்த செயலும் கூறப்பட்டமையின் உழைப்பு என்னும் சொல்லுக்குத் தேவையில்லை. கிரந்தப் பயிற்சியின் எல்லை ஒளிவின்றிக் கூறப்பட்டமையின், ஏனைய கூற்றுகளும் நம்பத்தக்கன ஆகின்றன. இரண்டாண்டு இடைவெளி இராமானுசன் எழுதியது போன்று ஒரு தொடரில் அமைந்தது. அது முடிந்துவிட்டது என்பதும் உடனே கூறப்பட்டது. தங்குமிடம் பற்றிய ஐயம் வினவாமுன் நீக்கப்பட்டது. இறுதியில் வேண்டுவது பணியன்று, படித்துக் காட்டும் வாய்ப்பு. அது பெருஞ்சித்திரனார் வேண்டியதே, தருவோர்க்கும் எளிதானது.

9. சில எச்சரிக்கைகள்

சீட்டுக்கவி மரபினின்று கொள்ளத்தகாதனவும் உள்ளன. புரவலன் கொடையைக் கற்பகத்தோடும் கார்முகிலோடும் ஒப்பிடுதல் செய்யுளுக்கு அணியாகும். அலுவலகக் கடிதத்தில் அது பொய்ம்மையாய்த் தோன்றும். நிறுவனத்தைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டின், அதன் பணிகளுள் ஒன்றை நாம் உண்மையில் அறிந்து பயன்கொண்டதைக் கூறலாம். அதுவே போதிய சிறப்பு. புலவன் தன்னைப் புலிக்கும் பிற புலவரை நரிக்கும் ஒப்பிடும் செருக்கும் அவ்வாறே விலக்கத்தக்கது. உடன் விண்ணப்பிப்போரைப் பற்றி நாம் அறிந்தது ஒன்றுமில்லை.

செய்யாததைச் செய்ததாக எழுதுதல் அறத்தால் மட்டுமன்றிப் பயனாலும் தவறு. ஓர் ஏட்டைக் கையிற் கொடுத்துப் படிக்கச் சொன்ன அளவில் அப்பொய் வெளிப்பட்டுவிடும். கணினிச் செயலிகள் நொடிப்பொழுதில் விண்ணப்பக் கடிதம் எழுதித் தரும் காலம் இது. அவை மொழிப்பிழையைத் திருத்த உதவலாம். ஆனால் எந்த ஏட்டில் எவ்விடத்தில் நாம் இடர்ப்பட்டோம் என்பதை அவை அறியா. அதனை நாமே எழுதாவிடின், முன்னர்ப் பெயர்த்தெழுதிய மாதிரிக்கு ஈடாகப் புதிய மாதிரி ஒன்று வந்ததாகவே முடியும்.

போட்டித் தேர்வின் மதிப்பெண்களால் நிரப்பப்படும் அரசுப் பணிகளுக்குக் கடிதத்தின் நயம் பெரிதும் உதவாது. அங்குப் படிவத்தைப் பிழையின்றி நிரப்புதலே கடன். பதிப்பகம், இதழ், தனியார் கல்வி நிறுவனம், ஆய்வுத்திட்டம், அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிற்கு எழுதுங்காலத்தே கடிதம் தன் தொழிலைச் செய்யும். தமிழ் பயின்றோர்க்குரிய பணிகளுட் பல இவ்வகையின என்பதை மறத்தலாகாது.

10. முடிபு

விண்ணப்பக் கடிதம் எழுதும் பயிற்சியை முதுகலை வகுப்பில் ஒரு பாடப்பொழுதாயினும் அமைத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. அதற்குத் தனி நூல் வேண்டுவதில்லை. திருமுகப் பாசுரத்தைக் கற்பிக்குங்கால் அதன் நான்கு உறுப்புகளைப் பிரித்துக் காட்டலாம். புறநானூற்றுப் பரிசில் கடாநிலைப் பாட்டுகளைக் கற்பிக்குங்கால் வேண்டுதற்கும் இரத்தற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கலாம். பின்னர் மாணாக்கர் ஒவ்வொருவரையும் தாம் செய்த ஒரு செயலைப் பற்றி ஐந்து வரி எழுதச் செய்யலாம். அவ்வைந்து வரிகளை எழுத இயலாத மாணாக்கர், எழுதுதற்குரிய செயல் ஒன்றைப் படிக்குங்காலத்திலேயே செய்துகொள்ள முற்படுவர். கடிதம் எழுதும் பயிற்சியால் விளையும் பெரும்பயன் அதுவேயாகலாம்.

காவிரிக் கரையின் சிற்றூர்களினின்று தமிழ் கற்க வரும் மாணாக்கருட் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுவோர். அவர்களுக்காக முயலச் செட்டியார் ஒருவரோ, சான்று வழங்க ஆதீனத் தலைவர் ஒருவரோ இல்லை. அவர்தம் திறனை அறிவிக்க எஞ்சியிருப்பது அவர்தம் எழுத்தே. அதனை வலிமையுடையதாக்கி அனுப்புதல் தமிழாசிரியர்க்கு உரிய கடமைகளுள் ஒன்று.